நிலக்கரிச் சாம்பலில் வெப்பம் தடுக்கும் நுரைக்கல்

அனல்மின் நிலையப் புகையில் இருந்து பிடிக்கிற மாவுச் சாம்பலை (ஃப்ளை ஆஷ்) சிமெண்ட், நுரை இரண்டோடும் சேர்த்தால் கூரைக்கும் தடுப்புச் சுவருக்கும் ஏற்ற லேசான கல் கிடைக்கும். இங்கே சொல்லும் கல் காய்ந்தபின் கன மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ இருக்கும். அதன் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.2 வாட், சாதாரண கான்கிரீட்டுக்கு 1.5க்கு மேல். பாரம் தாங்கும் சுவருக்கு இது ஆகாது.

முதலில் சாம்பலைப் பாருங்கள். பாதித் தோல்விகள் அங்கேயே தொடங்குகின்றன. எரியாமல் தங்கிய கரித்தூள் நுரை மருந்தை (தண்ணீரில் கரைத்து நுரை எடுக்கும் திரவம்) உறிஞ்சிவிடும், நுரை செத்துப்போகும். சோதிப்பது எளிது. மூடியுள்ள பாட்டிலில் 20 கிராம் சாம்பல், 50 மில்லி தண்ணீர். கரைத்த நுரை மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் 15 வினாடி குலுக்குங்கள். நீர்ப்பரப்பு முழுக்க 45 வினாடி குமிழி நிற்கும்போது எத்தனை சொட்டு ஆனது என்று எழுதி வையுங்கள். அடுத்த லோடு சாம்பலுக்கு அதே சோதனையில் சொட்டு இரட்டிப்பானால், அந்தச் சாம்பலைச் சாதாரணச் செங்கல்லுக்கு ஒதுக்கிவிடலாம். அடுப்புச் சாம்பலும் குப்பை எரித்த சாம்பலும் இதற்கு வேண்டவே வேண்டாம். அனல்மின் நிலையக் குளத்தில் நீரோடு தேக்கிய சாம்பலானால் நன்றாகக் காயவைத்த பிறகே எடை போட வேண்டும்; அதிலுள்ள ஈரம் தண்ணீர்க் கணக்கைக் கெடுக்கும்.

100 லிட்டர் கலவைக்கு: சிமெண்ட் 25 கிலோ, சாம்பல் 40 கிலோ, தண்ணீர் 27 லிட்டர், நுரை 47 லிட்டர். 60 × 20 × 15 செ.மீ. அச்சில் ஐந்து கல் வரும். சிமெண்ட் ஓபிசியாக (சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) இருக்கட்டும். பிபிசியில் (போர்ட்லேண்ட் பொஸோலானா சிமெண்ட்) ஏற்கெனவே சாம்பல் கலந்திருப்பதால் கல் இறுக இன்னும் தாமதமாகும், அதற்குள் நுரை உடைந்துவிடும்.

அச்சுக்கு எண்ணெய் பூசினால் துணியால் துடைத்து மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். தேங்கிய எண்ணெய் குமிழியைக் கொல்லும். பிளாஸ்டிக் தாள் விரிப்பது அதைவிட நல்லது.

தண்ணீரில் சிமெண்டைப் போட்டு, பிறகு சாம்பலைத் தூவி, நான்கு நிமிடம் கட்டியில்லாமல் கலக்குங்கள். கரண்டியில் எடுத்தால் அறுபடாமல் ஒழுக வேண்டும். இப்போது ஒரு லிட்டர் ஜாடியில் முழுக்க நிரப்பி எடை பாருங்கள்: ஜாடி போக 1.7 கிலோ வரும். வெகுவாகக் குறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள்.

நுரையைத் தனியாக நுரை எந்திரத்தில் எடுங்கள். புரத வகை மருந்தை, டப்பாவில் உள்ள குறிப்புப்படி, பெரும்பாலும் 1 பங்குக்கு 30 முதல் 40 பங்கு தண்ணீரில் கரைப்பார்கள். ஒரு லிட்டர் நுரை 60 கிராம் இருந்தால் சரி. வாளியைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. 47 லிட்டருக்குச் சுமார் 2.8 லிட்டர் கரைசல் போதும். நுரையை மூன்று தவணையாகச் சேர்த்து, மெதுவாகச் சுழலும் துடுப்பால், வெள்ளைக் கோடு மறையும் வரை மட்டும் புரட்டுங்கள். மறுபடியும் ஜாடி எடை: 950 கிராம். ஒரு கிலோவைத் தாண்டினால் இன்னும் நுரை சேர்க்கலாம். கண்ணை நம்பாதீர்கள், 800 கிராமும் 1,100 கிராமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

உடனே அச்சில் ஊற்றுங்கள். ஒரே ஊற்றில் 30 செ.மீ. உயரம் போதும், மேலுள்ள பாரம் அடிக் குமிழிகளை நசுக்கும். வைப்ரேட்டர் கூடாது, அச்சைத் தட்டவும் கூடாது.

மறுநாள் விளிம்பை விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னொரு நாள் விட்டு அச்சைக் கழற்றுங்கள். பிறகு நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி 14 நாள் நீராற்ற வேண்டும். சாம்பல், சிமெண்டில் இருந்து விடுபடும் சுண்ணாம்போடு மெதுவாகத்தான் வினைபுரியும். ஈரம் போய்விட்டால் அந்த வினை அப்படியே நின்றுவிடும். 28 நாளுக்கு முன் சுவரில் ஏற்றாதீர்கள்.

கல்லின் நடுப்பகுதி குழிந்தால் இறுகுமுன் நுரை உடைந்திருக்கிறது: கரி, குளிர், அல்லது பழைய மருந்து காரணம். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கலாம். அறுத்துப் பார்க்கையில் அடி கறுத்துக் கெட்டியாகவும் மேல் பஞ்சாகவும் தெரிந்தால் தண்ணீர் அதிகம். மயிரிழை வெடிப்பு வந்தால் வெயிலில் வேகமாகக் காய்ந்திருக்கிறது. மேலே கறுப்புப் படலம் மிதந்தால் அது எரியாத கரியேதான்.

வைத்த இடத்தில் கல்லை நனைய விடாதீர்கள். காற்று இருந்த குழிகளில் நீர் புகுந்தால் வெப்பம் தடுக்கும் திறன் போய்விடும். காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கூரையில் இதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு கட்டாயம். நிலத்தை ஒட்டிய வரிசைக்கு இதை வைக்காதீர்கள்.

சாம்பலைக் கொட்டும்போது என்95 முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள்: நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கும். ஈரக் கலவை காரமானது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சில சாம்பலில் சிமெண்ட் பட்டதும் அமோனியா நெடி கிளம்பும். கதவைத் திறந்து வைத்துக் கலக்குங்கள். மீந்த சாம்பலைத் தோட்டத்திலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். ஆர்சனிக் போன்ற உலோகங்கள் மழையில் கரைந்து நிலத்தடி நீருக்குப் போகும். மூட்டையில் கட்டி, மழை படாத இடத்தில், அடுத்த கலவைக்கு வைத்திருங்கள்.