பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கும்போதும் சரிசெய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் இந்தியாவுக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 2020-இல் அந்த எஞ்சின் போய் 1.0 டிஎஸ்ஐ வந்தது. 2022-இல் போலோ விற்பனையே நின்றுவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை என்பதாலேயே பழைய ஜிடிக்கு இன்றும் மவுசு குறையவில்லை. கன்சல்டிங்கில் பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி நிறுத்தியிருக்கும் சிவப்பு வண்டியைப் பார்த்ததுமே பலர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வண்டியில் பணத்தை விழுங்கும் பழுதுகள் எவையும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதில்லை. முதலில் கியர்பாக்ஸ், அடுத்து எஞ்சின், பிறகு பாடி, கடைசியில்தான் பெயின்ட். முக்கியத்துவ வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்.

சூடான வண்டியை ஓட்டிப் பார்ப்பது

வண்டி பார்க்க வருவதாகச் சொன்னதுமே விற்பவர் அதை ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டி வைத்திருப்பார். இதைத் தெரியாமல் செய்பவர்களும் உண்டு, தெரிந்தே செய்பவர்களும் உண்டு. எப்படியானாலும் நமக்கு நஷ்டம்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நாமே முதல் முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

காரணம் டைமிங் செயின். முதலில் வந்த 1.2 டிஎஸ்ஐ, இஏ111 குடும்பத்து எஞ்சின். அதில் செயின் உண்டு. பின்னால் வந்த இஏ211 குடும்பத்தில் பெல்ட். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம், எஞ்சினின் அடையாள எழுத்துகளான எஞ்சின் கோடை (code) பாருங்கள். சிபிஇசட் என்று தொடங்கினால் செயின், சிஜேஇசட் என்று தொடங்கினால் பெல்ட். செயின் நீண்டுபோயிருந்தாலோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தாலோ, குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் சில வினாடிகளுக்கு ‘கடகட’வென்று ஒரு சத்தம் வரும். ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கிவிடும். சூடான எஞ்சினில் பெரும்பாலும் கேட்கவே கேட்காது. ஸ்கேனரில் பி0016 என்ற ஃபால்ட் கோடும் (பழுதைக் குறிக்கும் எண்) சேர்ந்து இருந்தால் செயின், டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் செட்டாக மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம். பெல்ட் எஞ்சின் என்றால் கிலோமீட்டர் மட்டுமல்ல, பெல்ட்டின் வயதும் கணக்கு.

கியர்பாக்ஸை ஹைவேயில் சோதிப்பது

ஈசிஆரிலோ பைபாஸிலோ ஒரு விரட்டு விரட்டிவிட்டு, “கியர் வெண்ணெய் மாதிரி விழுது” என்று திருப்திப்படுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. டிஎஸ்ஜி ஹைவேயில் நன்றாகத்தான் இருக்கும். அதன் குறை தெரிவது நெரிசலில்.

இந்த வண்டியில் இருப்பது டிக்யூ200 என்ற கியர்பாக்ஸ். ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் இரண்டு. ஒன்று 1, 3, 5, 7-ஆம் கியர்களை இயக்கும். மற்றொன்று 2, 4, 6, ரிவர்ஸ். இரண்டையும் ஆட்டிவைப்பது மெகாட்ரானிக் என்னும் ஹைட்ராலிக்-எலக்ட்ரானிக் யூனிட். ஓஎம்ஆர் மாதிரிச் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், தேயும். நகரத்திலேயே ஓடிய 50,000 கிலோமீட்டர் வண்டியைவிட, ஹைவேயில் ஓடிய 90,000 கிலோமீட்டர் வண்டியின் கிளட்ச் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனையைக் குறைந்தது இருபது நிமிடம் நெரிசலில் செய்யுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டியைத் தானாக நகர விடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போது நடுக்கம் வருகிறதா? மெதுவாக நிற்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கையில் ‘டக்’கென்று உதைக்கிறதா? பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், இரண்டாவது கிளட்சின் நிலை அங்கே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு நேரத்தில் மீட்டரில் கியர் எழுத்து கண் சிமிட்டினாலோ, ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை கியர்கள் மட்டும் விழுந்தாலோ, பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

மெகாட்ரானிக்கின் பெயர்பெற்ற பழுது, ஆயில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அதன் பிரஷர் அக்குமுலேட்டர் பொருந்தியிருக்கும் இடத்தில் வார்ப்பு விரிசல் விடுவது. ஆயில் கசியும், பிரஷர் நிற்காது, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சிக்னலில் நின்ற வண்டி எந்தக் கியரிலும் நகராது. பி17பிஎஃப், பி189சி ஆகிய கோடுகள் இந்தப் பக்கத்தைத்தான் காட்டும். புது யூனிட் போட்டால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

“டிஎஸ்ஜி ஆயில் மாற்றினால் ஜெர்க் போய்விடும்” என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு அந்த ஆயில் சர்வீஸ் முக்கியம். டிக்யூ200-இன் கிளட்சை அந்த ஆயில் தொடுவதே இல்லை. கியர்களுக்கு இரண்டு லிட்டருக்கும் குறைவாக ஒரு ஆயில், மெகாட்ரானிக்குக்குத் தனியாக வேறு ஆயில். தேய்ந்த கிளட்சுக்கு வழி, கிளட்ச் பேக்கை மாற்றுவதுதான். அதற்கென்று உள்ள டூல் வேண்டும், இடைவெளி அளந்து பொருத்த வேண்டும், முடிந்ததும் ஸ்கேனர் வழியாக, புதுக் கிளட்சைக் கியர்பாக்ஸுக்குப் பழக்கும் பேசிக் செட்டிங் செய்ய வேண்டும். இதில் கைப்பழக்கம் இல்லாத மெக்கானிக்கிடம் விட்டால் புதுக் கிளட்சும் நடுங்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஜெர்க் என்றாலே கியர்பாக்ஸ் என்று முடிவுகட்டுவது. மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வண்டி திக்கினால், மீட்டரில் இபிசி என்ற எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், முதல் சந்தேகம் இக்னிஷன் காயில் மீதும் ஸ்பார்க் பிளக் மீதும் வர வேண்டும். பி0301 முதல் பி0304 வரை உள்ள மிஸ்ஃபயர் கோடுகள் எந்த சிலிண்டர் என்று காட்டிவிடும். அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே போனால் காயில்தான். சில ஆயிரத்தில் முடிகிற வேலை இது. இதை கியர்பாக்ஸ் பழுது என்று நினைத்துப் பயந்து அடிமாட்டு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு நல்ல வண்டி கிடைப்பது இப்படித்தான்.

விளக்கு எரியவில்லை, கோடு இல்லை என்று நம்புவது

மலிவான புளூடூத் ஸ்கேனர் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் பக்கமெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த வண்டிக்கு எல்லா யூனிட்டையும் படிக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் ஸ்கேனர் வேண்டும். அதைக் கைவசம் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு ஃபீஸ் கொடுத்து அழைத்துப் போவதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

கோடுகளை முந்தின நாளே அழித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கோடுகளை அழித்தால் எஞ்சின் தன்னைத்தானே சோதித்த பதிவுகளான ரெடினஸ் மானிட்டர்களும் சேர்ந்து அழியும்; பல கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் ஒவ்வொன்றாக முழுமையாகும். “இந்த வண்டியில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை” என்று சொல்லும்போது மானிட்டர்கள் பாதி காலியாக இருந்தால், யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பேட்டரி பில் எங்கே என்று கேளுங்கள். மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதற்கும் ஸ்கேனரே துணை. பதிவான பழைய கோடு சிலவற்றுடன் அப்போதைய கிலோமீட்டரும் சேமிக்கப்பட்டிருக்கும். மீட்டர் 48,000 காட்டும்போது கோடு 81,000-இல் பதிவாகியிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பி0299 இருந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ராட் இறுகிப் போவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். உடனே டர்போவையே மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். இஏ211 எஞ்சினில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் வாட்டர் பம்ப்-தெர்மோஸ்டாட் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் காய்ந்த ரோஸ் நிறப் படிவம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; அது கூலன்ட் கசிவின் தடயம். ஏசியையும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். கூலிங் காயில் ஓட்டையானால் டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

பெயின்டைப் பார்த்து, கார்ப்பெட்டைப் பார்க்காமல் விடுவது

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் ஏராளம். கழுவிக் காயவைத்து வெளியூரில் விற்றுவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முன் சீட் பெல்ட்டை முழுதாக, அது நிற்கும்வரை இழுங்கள். தினசரி பயன்பாட்டில் வெளியே வராத அந்தக் கடைசி ஓரடியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் முடை நாற்றம் அடிக்கும். மற்ற இடங்களைத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரில் பச்சைப் பூஞ்சை போன்ற படிவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூழ்கிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் செத்துக்கொண்டே இருக்கும்.

அடிபட்ட வண்டிக்கு, ஃபெண்டர், பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம், கண்ணாடிகளின் தயாரிப்பு ஆண்டு ஒத்துப்போகாமை, பெயின்ட் கனம் ஆகிய மூன்றும் போதும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 140 மைக்ரான். 300-க்கு மேல் என்றால் மறுபடி அடித்தது, ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி. ஒரு கதவு டிங்கரிங் பார்த்திருப்பது குற்றமில்லை. முன்பக்க சேஸிஸ் கம்பியில் வெல்டிங் இருப்பதுதான் ஆபத்து.

ஆர்.சி.யில் எச்.பி. (வண்டிக் கடன் பதிவு) ரத்தாகியிருக்கிறதா என்றும், நிலுவைச் சலானையும் பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கர்நாடகா, கேரளா வண்டி என்றால் என்ஓசியோடு நம் மாநில வரியும் விலையில் சேரும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

வாங்கிய மறுநாளே பவர் ஏற்றுவது

சரிசெய்யும் கட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இது. ஓட்டத்துக்கே தயாராகாத வண்டிக்கு ரீமேப் (பவர் ஏற எஞ்சின் மென்பொருளை மாற்றுவது), எக்ஸாஸ்ட், பெரிய அலாய் என்று பட்ஜெட் முழுதும் போய்விடுகிறது. பிறகு பிரேக் பிடிக்காத, டயர் காய்ந்த ஒரு வேகமான வண்டி கையில் இருக்கும்.

முதல் மாதச் செலவு வேறு. விடபிள்யூ 502.00 தரச் சான்று உள்ள 5டபிள்யூ-40 ஆயில் சுமார் நான்கு லிட்டர், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக், டாட் 4 பிரேக் ஃப்ளூயிட். கூலன்ட்டில் பச்சையையும் ரோஸையும் கலக்கக் கூடாது, குழாய்த் தண்ணீரும் ஊற்றக் கூடாது. பேட்டரியை லோடு டெஸ்ட் செய்யுங்கள். வலுவிழந்த பேட்டரியால் இல்லாத பழுதுக்கெல்லாம் கோடு விழும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரம். டயரின் பூ தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு வேகம் வேண்டாம். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட். இவை மாறியதுமே ஸ்டியரிங் புது வண்டி போலாகிவிடும். பலர் கோயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) தேடுவது உண்மையில் இந்தத் தளர்ச்சிக்காகத்தான்.

பிறகு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்து எழுதிவையுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை ஆயில் குடிப்பதை ஃபோக்ஸ்வாகன் கையேடே ஏற்கிறது. அதற்குமேல் குடித்தாலோ, ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது நீலப் புகை வந்தாலோ ரீமேப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆயில் கணக்கு சரியாக இருந்து, கிளட்ச்சும் திடமாக இருந்தால் செய்யலாம். ஆனால் டிக்யூ200 தாங்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். ட்யூனரிடம் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் டார்க் எவ்வளவு என்று கேளுங்கள், அதுவும் எத்தனை ஆர்பிஎம்மில் ஏறுகிறது என்று கேளுங்கள். இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழேயே மொத்த டார்க்கையும் கொட்டும் மேப் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும்; அந்தச் சுகத்துக்கான தேய்மானம் முழுதும் உலர் கிளட்சில்தான் விழும்.

வாங்கும் வண்டியே ஏற்கெனவே ரீமேப் ஆனதா என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். விற்பதற்கு முன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வெட்டி ஒட்டிய எக்ஸாஸ்ட், கழற்றி மாட்டிய ஏர் பாக்ஸ் கிளிப், தரமான விலையுயர்ந்த பிளக் ஆகியவை மிஞ்சி நிற்கும். செய்ததை பில்லோடு ஒப்புக்கொள்பவரிடம் வாங்கலாம், கிளட்ச் சோதனையைக் கூடுதல் கவனத்தோடு செய்துவிட்டு. டிஎஸ்ஜியே வேண்டாம் என்றால் 2020-க்குப் பிந்தைய 1.0 டிஎஸ்ஐயைப் பாருங்கள். அதில் ஆறு கியர் மேனுவலும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் மட்டுமே உண்டு.