கரிசல் நிலத்தில் தானே இயங்கும் ஈரப்பத சென்சாரும் வால்வும் அமைக்கும் முறை

மதுரை மாவட்டத் திருமங்கலம் வட்டாரக் கரிசலில் ஆள் துணையின்றி இயங்க வேண்டிய சொட்டுநீர்க் கருவிக்கு, 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் கோடை வெயிலைக் காட்டிலும் வெடிக்கும் மண்தான் பெரிய சோதனை. கரிசல் காய்ந்து பாளம் பாளமாகப் பிளக்கும்போது சென்சாருக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்துவிடுவதால், ஒரு சாண் தள்ளி ஈரம் இருந்தாலும் கருவி வறட்சி என்றே காட்டும். ஆகவே மண்ணின் மின்தேக்குத் திறனைக் கொண்டு ஈரத்தை அளக்கும் கெப்பாசிட்டிவ் வகை சென்சாரை மேலிருந்து குத்தாமல், குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் வேர் ஆழத்தில் கிடையாகச் செருகி, அதே மண்ணைக் குழைத்து இறுக அணைத்து மூடுங்கள்.

விற்பவர் தரும் பொது அட்டவணையை நம்பாமல், உங்கள் நிலத்து மண்ணிலேயே அளவைச் சரிபார்க்க வேண்டும். வெவ்வேறு ஈரநிலைகளில் சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மண்ணை எடை போட்டு, 105 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதிலிருந்த நீர்; அந்த அளவோடு சென்சார் காட்டிய எண்ணைப் பொருத்திக்கொள்ளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் துல்லியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

திறக்கவும் மூடவும் மட்டும் நொடிநேர மின்துடிப்பு கேட்கும் லாட்ச்சிங் சோலினாய்டு வால்வும் (கடைசி நிலையிலேயே நிற்கும் மின்காந்த வால்வு), சூடு தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் சோலார் மின்சாரத்துக்கு ஏற்றவை. மின்சுற்றை தூசியும் நீரும் புகாத ஐபி67 தரப் பெட்டியில், ஒயர் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு, சோலார் தகட்டின் நிழலில் பொருத்துங்கள். திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் இந்த வால்வு திறந்தே நிற்கும் என்பதால், பேட்டரி இறங்கும்போது அதை மூடுவதற்கான ஒரு துடிப்பைத் தனிக் கெப்பாசிட்டரில் எப்போதும் சேமித்து வைத்திருக்க வேண்டும்.