நாய்த்துளசிக்கு டிபிபிஎச் சோதனை: சாற்றின் நிறத்தைக் கழிக்க மறக்காதீர்கள்

சேஜ் செடிகளின் லேமியேசி குடும்பத்தில்தான் நம் சாலையோர நாய்த்துளசியும் இருக்கிறது. இரண்டிலும் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு. ஃப்ரீ ரேடிக்கலுக்கு (இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு) தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்கிவிடும் பீனால் அது. இந்தத் திறனை அளக்கக் கைக்கு எளிதானது, பிளாய்ஸ் 1958இல் வெளியிட்ட டிபிபிஎச் முறை. டிபிபிஎச் எளிதில் சிதையாத ஒரு ஃப்ரீ ரேடிக்கல்; அதன் ஊதாக் கரைசல் ஹைட்ரஜன் கிடைத்ததும் மஞ்சளாகும். அவ்வளவுதான்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடியுங்கள். 10 கிராம் பொடியை 100 மி.லி. மெத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் (சுழற்றியபடி ஆவியாக்கும் கருவி) 40 டிகிரி செல்சியஸில் வற்றவிடுங்கள். மெத்தனால் விஷம், தீயும் பற்றும். ஃப்யூம் ஹுட்டை (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

அப்புறம் டிபிபிஎச் 3.94 மி.கி. எடுத்து 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குத் தயாரித்து, குடுவையை அலுமினியத் தாளால் மூடுங்கள். வற்றிய சாற்றை மெத்தனாலில் கரைத்து ஐந்து செறிவுகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் 1 மி.லி. சாறு, 1 மி.லி. டிபிபிஎச் கலந்து 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள். சாற்றுக்குப் பதில் மெத்தனால் ஊற்றியது கண்ட்ரோல்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். செறிவு கூடக் கூட ஏறிய தடுப்புச் சதவீதம் (ஊதா எவ்வளவு மறைந்தது என்ற கணக்கு), கடைசிக் குழாயில் சட்டென்று இறங்கியது. டிபிபிஎச் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கரைத்தேன், மூன்று நாள் போனது. காரணம் சாற்றின் பச்சை நிறம். பச்சையமும் அது சிதைந்து உருவாகும் ஃபியோஃபைட்டினும் 517க்கு அருகில் ஒளியை உறிஞ்சுகின்றன. செறிவான குழாயில் அந்த அளவும் சேர்ந்து, ஊதா மிச்சமிருப்பதுபோல் காட்டிவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு செறிவுக்கும் தனி பிளாங்க் வையுங்கள்: 1 மி.லி. சாறு, 1 மி.லி. மெத்தனால், டிபிபிஎச் வேண்டாம். அந்த அளவை மாதிரியின் அளவிலிருந்து கழியுங்கள். மிஞ்சியதைக் கண்ட்ரோலிலிருந்து கழித்து, கண்ட்ரோலால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் தடுப்புச் சதவீதம்.

குவார்ட்ஸ் குவெட்டுக்கு (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பி) காசைக் கொட்ட வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் கண்ணாடியே போதும். அந்தக் காசில் நல்ல மைக்ரோபிப்பெட் வாங்குங்கள். ஒப்பிட அஸ்கார்பிக் அமிலம் கட்டாயம் வையுங்கள்.

பின்சேர்க்கை: ஐசி50 (தடுப்பு 50 சதவீதம் ஆகும் சாற்றின் செறிவு) குறைவாக வந்தால் சாறு வலுவற்றது என்று இருவர் எழுதியிருந்தார்கள். நேர்மாறு. ஊதாவில் பாதியை அடக்கக் குறைந்த அளவே போதும் என்று பொருள். தண்ணீர்ச் சாற்றில் கலங்கல் வருகிறது என்றவர்களுக்கு: டிபிபிஎச் தண்ணீரில் சரியாகக் கரையாது. தண்ணீரின் பங்கைக் குறையுங்கள், அளவிடும் முன் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தெளிந்ததை மட்டும் குவெட்டில் ஊற்றுங்கள்.