செயின் சா மக்கர் பண்ணினால் எங்கே கை வைப்பது?

மெஷின் நின்றுவிட்டால் பலரும் முதலில் தேடுவது சின்ன ஸ்க்ரூடிரைவரைத்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) ஸ்க்ரூக்களை ஆளுக்கொரு பக்கம் திருகி, ஒரு கோளாறை இரண்டாக்கிவிடுவார்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மெஷினில் அந்த ஸ்க்ரூ தானாகத் திரும்புவது அபூர்வம். பெட்ரோல், பிளக், ஃபில்டர், செயின் என்ற நாலையும் பார்த்து முடித்த பிறகுதான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும்.

செயின், அது ஓடும் தகடான பார், கிளட்ச் எதில் கை வைப்பதானாலும் சுவிட்சை அணைத்து, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை

டேங்கில் கிடப்பது எத்தனை நாள் பெட்ரோல்? இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ரப்பர் டியூபையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரத்தையும் கெடுக்கும். ஆயில் கலந்து ஒரு மாதம் கடந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே நல்லது. செயின் சாவுக்கென்றே வரும் தரமான 2டி (2-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100 மி.லி. கடையில் கிடைக்கும் சாதாரண 2டி ஆயில் என்றால் 25:1, லிட்டருக்கு 40 மி.லி. பைக்குக்கு ஊற்றும் 4-ஸ்ட்ரோக் ஆயில் இதற்கு ஆகாது. கண் மதிப்பில் ஊற்றாமல் அளவு டப்பாவில் அளந்து ஊற்றுங்கள்.

அடுத்து, பத்துத் தடவை கயிறு இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம். ஒன்று தீப்பொறி இல்லை, அல்லது சோக்கைப் போட்டபடியே இழுத்து இழுத்து இன்ஜின் மூழ்கிவிட்டது. சோக்கை எடுத்துவிட்டு, சுவிட்ச் அணைந்த நிலையில், பிளக் இல்லாமலே ஏழெட்டுத் தடவை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி, இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். தீப்பொறி பார்க்கும்போது பிளக்கை கேப்பில் சொருகி, அதன் உலோகப் பகுதியை பிளக் துளையிலிருந்து தள்ளி இன்ஜின் மீது தொட வைத்து, சுவிட்சைப் போட்டு இழுக்க வேண்டும். துளைக்கு அருகிலேயே வைத்தால் அங்கிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். புதுப் பிளக்கிலும் பொறி வரவில்லை என்றால் ஸ்டாப் சுவிட்ச் ஒயர் எங்காவது உரசி பாடியில் ஷார்ட் ஆகியிருக்கலாம். அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்தான். காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை இடையில் வைத்து போல்ட்டை முடுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக் துளையில் ஆயில் கலந்த பெட்ரோல் ஐந்தாறு சொட்டு விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் இன்ஜினில் குறையில்லை, கோளாறு டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான். டேங்குக்குள் டியூப் நுனியில் தொங்கும் ஃபில்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், கழுவி மாட்டுவதில் பயனில்லை. டியூப்பை இரு விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். டியூப்பில் ஊசிமுனை ஓட்டை போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்றுதான் ஏறும்.

ஓடிக்கொண்டே இருந்து நிற்கிறது

பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைகிறது, கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் போதும், காசு செலவே இல்லை. மூடியைத் திறந்தும் பலனில்லை என்றால் சூடு ஆறுவதற்குள் தீப்பொறி பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில் போய்விட்டது. ரிப்பேர் ஆகாது, மாற்ற வேண்டும்.

ரேஸ் கொடுக்காத ஐடில் நிலையில் செயின் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நிறுத்துங்கள். ரேஸ் குறைந்தும் செயின் நிற்கவில்லையா? கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்தோ அறுந்தோ போயிருக்கும். கிளட்சைக் கழற்றும்போது பெரும்பாலான மெஷின்களில் மரை இடது கை மரை என்பதை மறக்காதீர்கள். வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

‘இழுவையே இல்லை’

இந்தப் புகாரோடு வருகிறவற்றில் கணிசமானவற்றில் இன்ஜினுக்கு ஒன்றுமே இருக்காது. செயின் மழுங்கியிருக்கும். கீழே விழும் தூளைப் பாருங்கள். கூரான செயின் செதில் செதிலாகத் தள்ளும், மழுங்கியது மாவாகக் கொட்டும். மெஷினை மரத்தின் மேல் அழுத்தினால்தான் அறுக்கிறது என்றாலும் அதே கதைதான். தென்னையும் பனையும் வைரம் பாய்ந்த வெளிப்பக்கத்தில் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். சாலையோரப் புளியமரத்தில் பழைய ஆணி இருக்கும். விழுந்து கிடக்கும் மரத்தில் மணல் ஒட்டியிருக்கும், பட்டையைத் தட்டிவிட்டு அறுங்கள்.

அரம் போட உருட்டு அரத்தின் அளவு முக்கியம். செயினின் பிட்ச் அளவு (அங்குலத்தில்) பார்த்து, 3/8 லோ புரோஃபைல் செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ. பல்லின் மேல் அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தெரியும்படி வைத்து, பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது பல்லில் படவிடாதீர்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லை முதலில் தீட்டி, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் விட்டால் அறுப்பு வாழைப்பழம் மாதிரி வளையும். பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை நாலைந்து முறை அரம் போட்டதற்கு ஒரு முறை தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருந்தால் போதும். வேகமாக அறுக்கட்டும் என்று அதற்கும் கீழே இறக்குபவர்கள் உண்டு. அப்படி இறக்கினால் செயின் மரத்தைக் கடித்துக்கொண்டு, பார் முனை முகத்துக்கு எகிறும்.

செயின் கூராக இருந்தும் இழுவை இல்லை என்றால் ஏர் ஃபில்டரைத் தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றுங்கள். அதன் வாயிலுள்ள கம்பி வலையில் கரி அடைத்திருந்தால் புகை வெளியேறாது, ரேஸ் ஏறாது. பித்தளை பிரஷ் போதும்.

பார் புகைகிறது

எண்ணெய் போகவில்லை. வெளிர் நிற மரப்பலகைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பார் முனையைப் பிடித்துப் பாதி ரேஸ் கொடுத்தால் பலகையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, பாரிலுள்ள எண்ணெய்த் துளையையும் பள்ளத்தையும் மெல்லிய தகட்டால் சுரண்டுங்கள். மரத்தூளும் எண்ணெயும் கலந்து அங்கே களியாகியிருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் எண்ணெய் டேங்க் ஃபில்டர், அதற்கடுத்துப் பம்பைச் சுற்றும் பல்சக்கரம். கழித்துப்போட்ட இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதில் இருக்கும் இரும்புத் துகள் பம்பைத் தேய்த்துவிடும், மிச்சம் பிடித்ததை அங்கே செலவழிக்க வேண்டிவரும்.

செயின் டைட் வைக்கும்போது பார் முனையைத் தூக்கிப் பிடித்தபடி நட்டை முடுக்குங்கள். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், சூட்டில் நீண்ட செயின் ஆறியதும் சுருங்கி பாரைக் கவ்வும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும். செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 0.5 மி.மீ. ஆழத்துக்குத் தடம் விழுந்துவிட்டால் அதற்கு மேல் புதுச் செயின் போட்டு வீணாக்காதீர்கள், அதையும் மாற்றுங்கள்.

இப்போது கார்புரேட்டர்

திறந்ததும் டயாபிரத்தைத் தொட்டுப் பாருங்கள். பலூன் ரப்பர் போல மெத்தென்று இருக்க வேண்டும், அப்பளம் போல மொடமொடத்தால் ரிப்பேர் கிட் போடுங்கள். மாட்டும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். வழக்கமான டயாபிரம் கார்புரேட்டரில், மீட்டரிங் (பெட்ரோலை அளந்து விடும்) பக்கம் பாடியை ஒட்டி கேஸ்கெட், அதன் மேல் டயாபிரம். பம்பு (பெட்ரோலை இழுக்கும்) பக்கம் பாடியை ஒட்டி டயாபிரம், அதன் மேல் கேஸ்கெட்.

எல், எச் இரண்டையும் மெதுவாக முட்டும்வரை மூடி, ஒரு சுற்றுத் திறந்தால் தொடக்க நிலை. இன்ஜின் சூடானதும் எல் ஸ்க்ரூவில் ஐடில் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் சுற்றுக்குள் திறந்து வையுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூ. எச் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழு ரேஸில் மரத்தில் படாமல் ஓடும்போது லேசாகக் கரகரக்க வேண்டும், அறுக்கும்போது அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். விசில் மாதிரி கீச்சென்று கத்தினால் பெட்ரோல் குறைவு, அதோடு போகும் ஆயிலும் குறைவு, பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூவே இல்லாத எலக்ட்ரானிக் கார்புரேட்டர் மெஷின்களில் இந்த வேலைக்கு இடமில்லை.

எப்படி வைத்தாலும் ஐடில் நிலைக்கவில்லை, ரேஸை விட்ட பிறகும் இறங்க நேரமாகிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் பூட், இல்லையென்றால் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்.

சைலன்சரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியே பிஸ்டனைப் பார்க்கலாம். நெடுக்குக் கோடுகள் சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால் ஆயில் குறைவு அல்லது காற்று ஒழுகல். கார்புரேட்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் தூசி, ஏர் ஃபில்டரைக் கவனிக்கவில்லை. கம்ப்ரஷன் கேஜில் 100 பிஎஸ்ஐக்குக் கீழே காட்டினால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. சிலிண்டரில் நகத்தால் தேய்த்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை, உள்பூச்சு உரியவில்லை என்றால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றினால் போதும். உரிந்திருந்தால் சிலிண்டர் செட்டாக வாங்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் செட்டை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரமே அதே கோடுகளோடு திரும்பி வரும்.