நேரோபோட்டில் பேட்டரியும் தண்ணீரும்: காசைக் கரைக்கும் தவறுகள்

போன மாதம் இங்கிலாந்தில் பிரான்ஸ்டன் என்ற கால்வாய்க்கரை ஊரில் படகைக் கட்டியிருந்தேன். இரண்டு படகு தள்ளி இருந்த ஓர் இளம் தம்பதி, கைவண்டியில் நான்கு புதுப் பேட்டரிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படகு வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறதாம். அதற்குள் இது இரண்டாவது செட். பழையது மட்டமான சரக்கு என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன் இதே வார்த்தையை நானும் சொன்னேன், இதே போல இரண்டாவது செட்டை இழுத்துக்கொண்டு.

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் லாக்குகள், அதாவது படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், ஏறக்குறைய 7 அடி அகலம்தான். அதனால் அவற்றில் ஓடும் எஃகுப் படகான நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 72 அடி வரை உண்டு, என்னுடையது 57. அதற்குள் 12 வோல்ட் மின்சாரமும், முன்பக்க டேங்கிலிருந்து பம்ப் தள்ளும் தண்ணீரும்தான் நம் குடித்தனம். டேங்க் நிரப்ப மறப்பது, விளக்கை அணைக்க மறப்பது இதெல்லாம் ஒரு வாரத்தில் யாருக்கும் பழகிவிடும். பழகாதவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பேட்டரியை அரைகுறையாகச் சார்ஜ் செய்வது

சென்னையில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஆறேழு வருடம் உழைத்தது. கரன்ட் போனால் இரண்டு மணி நேரம் அது வேலை செய்யும், மீதி 22 மணி நேரமும் சார்ஜில் இருக்கும். படகில் இது அப்படியே தலைகீழ். நாள் முழுக்கப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறோம், சார்ஜ் ஏறுவது எஞ்சின் ஓடும் கொஞ்ச நேரம்தான். இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏற இரண்டு செட் பேட்டரி செலவானது.

நான் செய்தது இதுதான். வேலை முடிந்து மாலை 6:30-க்கு வருவேன். பக்கத்தில் மற்ற படகுகள் இருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது விதி. ஆக ஒன்றரை மணி நேரம் ஓட்டுவேன். வோல்ட் மீட்டர் 14.4 காட்டும். எஞ்சினை நிறுத்தியதும் 13-க்கு மேல் நிற்கும். பேட்டரி நிறைந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுப்பேன்.

அது நிறைந்த பேட்டரி இல்லை. 14.4 என்பது ஆல்டர்நேட்டர், அதாவது எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி, கொடுக்கும் வோல்ட். நிறுத்தியவுடன் தெரியும் 13 என்பது தகடுகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சார்ஜ், சில மணி நேரத்தில் கரைந்துவிடும். எந்த விளக்கும் எரியாமல், எதுவும் சார்ஜ் செய்யாமல் சில மணி நேரம் ஓய்வில் விட்டபின் அளந்தால் தெரிவதுதான் உண்மை. 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதும் வீண்.

லெட் ஆசிட் பேட்டரி முதலில் வேகமாகக் குடிக்கும். 80 சதவீதம் தாண்டியதும் வாயைச் சுருக்கிக்கொள்ளும். 70 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் இருந்தாலும் அது 30, 20, 10 என்று குறைத்துக் குறைத்துத்தான் வாங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறப் பல மணி நேரம் ஆகும், பெரிய ஆல்டர்நேட்டர் போட்டாலும் அதை அவசரப்படுத்த முடியாது. அந்தக் கடைசிப் பங்கை வாரக்கணக்கில் ஏற்றாமல் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பகுதி மீண்டும் வேலைக்கு வராது.

இதில் என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் ஒரு விஷயம் உண்டு. இப்படிக் கெட்டுக்கொண்டிருக்கும் பேட்டரி, நல்ல பேட்டரியைவிடச் சீக்கிரம் நிறைவது போலக் காட்டும். உள்ளே இடம் குறைந்துவிட்டதால் வோல்ட் மளமளவென்று ஏறும். அரை மணி நேரத்திலேயே நிறைகிறது என்று நான் சந்தோஷப்பட்ட வாரங்களில்தான் அது செத்துக்கொண்டிருந்தது. சதவீதம் காட்டும் மானிட்டரும் உதவவில்லை. பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவு 440 ஆம்பியர்-மணி என்று அதற்கு நான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது, எடுத்ததையும் போட்டதையும் கூட்டிக் கழிக்கும், அவ்வளவுதான். விளக்கு மங்கும்போதும் அது 85 காட்டியது.

சரி, என்ன செய்வது? ஆம்பியரைப் பாருங்கள். 14.4 வோல்ட்டில் நிற்கும்போது, உள்ளே போகும் கரன்ட் மொத்தக் கொள்ளளவில் ஒன்றிரண்டு சதவீதமாகக் குறைந்து, அதற்கு மேல் இறங்காமல் நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். 440-க்கு அது 4 முதல் 9 ஆம்பியர். தினமும் அங்கே கொண்டுபோக முடியாவிட்டாலும் வாரத்தில் ஒரு நாளாவது கொண்டுபோங்கள். எனக்கு அது சனிக்கிழமை. காலையில் கிளம்பினால் ஆறு மணி நேரம் படகு ஓட்டுவேன். என்னைப் போல நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லாத படகுகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறியே ஆக வேண்டும் என்பதால், பயணமும் சார்ஜும் ஒன்றாக முடிந்துவிடும். கோடையில் கூரையில் இருக்கும் சோலார் இந்தக் கடைசிப் பங்கை அருமையாக முடித்துவைக்கும். டிசம்பரில் அதை நம்பாதீர்கள்.

அந்தத் தம்பதியின் படகிலும் ஆம்பியர் மீட்டர் இருந்தது. யாரும் அதைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை. பழைய பேட்டரிகளை ஓர் இரவு ஓய்வில் விட்டு விடியற்காலை அளந்தோம். முந்தின நாள் நான்கு மணி நேரம் எஞ்சின் ஓடியும் நான்கில் எதுவும் 12.3 தாண்டவில்லை. காப்பாற்ற வழியில்லை, புது செட்டைத்தான் மாட்டினார்கள். இப்போது மீட்டருக்குப் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறாள். 14.4 என்றும் அதன் கீழே 6 என்றும் எழுதியிருக்கிறது.

மூன்று பழையதோடு ஒரு புதியது

வேண்டாம். பழையவை புதியதையும் தம் நிலைக்கு இழுத்துவிடும்.

பம்ப் மெதுவாக ஓடினால் பம்ப் வாங்குவது

பேட்டரி படகின் பின்னால், பம்ப் முன்னால். நடுவே 15 மீட்டர். போகவும் வரவும் 30 மீட்டர் ஒயர். அது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்து பம்ப் 7 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். 12.4-ல் கிளம்பியது பம்புக்கு 11-ஆகத்தான் வந்து சேரும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதே இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

பம்ப் நின்றிருக்கும்போது அதன் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.4 ஒழுங்காகத் தெரியும். கரன்ட் ஓடாதபோது இழப்பும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். நான் ஓடாதபோது அளந்தேன், ஒயர் சரி என்று முடிவுகட்டிப் புதுப் பம்ப் வாங்கினேன். அதுவும் அதே போல முனகியது. பிறகு கனெக்டரைக் கழற்றினால் செம்பு இழைகள் பச்சை பூத்து, பாதி இழைகள் கையோடு வந்தன. நறுக்கிவிட்டுப் புது முனை அடித்ததும் பழைய பம்பே நன்றாக ஓடியது.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

டேங்கில் தண்ணீர் இருந்தால், பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். திரும்ப மூடும்போது அந்த ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் எங்கே தேடினாலும் ஈரம் தெரியாது.

இரவில் பம்ப் தானாக உறுமுவதைப் பொறுத்துக்கொள்வது

எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது நள்ளிரவில் இரண்டு விநாடி பம்ப் ஓடி நிற்கிறது என்றால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது. பம்பைத் தாண்டியதும் ஒரு வால்வு இருந்தால் அதை மூடிப் பாருங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு பம்பின் உள் வால்வில். நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் எங்கோ கசிவு. ஒவ்வொரு மூட்டாக டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், விரலுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும். வெந்நீர்க் கலனின் பாதுகாப்பு வால்வையும் விடாதீர்கள். எஞ்சின் சூட்டில் தண்ணீர் விரியும்போது அது கொஞ்சம் சொட்டுவது இயல்பு, ஆறிய பிறகும் சொட்டினால் கோளாறு.

பழைய ஆல்டர்நேட்டரில் நேரடியாக லித்தியம்

லித்தியம் பேட்டரி லெட் ஆசிட் போல வாயைச் சுருக்காது, முழுக் கரன்ட்டையும் விடாமல் இழுக்கும். நடுவில் கட்டுப்படுத்த ஒன்று இல்லாவிட்டால் ஆல்டர்நேட்டர் கருகும்.

கரை மின்சாரத்தை அப்படியே சொருகுவது

மரினாவில், அதாவது கட்டணப் படகுத்துறையில், ஒயரைச் சொருகியதும் எர்த் வழியாக உங்கள் எஃகு அடிப்பாகம் பக்கத்துப் படகுகளோடு இணைந்துவிடும். நடுவே தண்ணீர். மொத்தமும் ஒரு பெரிய பேட்டரி மாதிரி ஆகிவிடும், அதில் முதலில் கரைவது, படகுக்குப் பதிலாக அரிபடட்டும் என்று அடிப்பாகத்தில் பொருத்திய மக்னீசியம் ஆனோடு, அப்புறம் உங்கள் படகு. எர்த் ஒயரில் இந்தச் சிறு கரன்ட்டைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவியைப் போடுங்கள். இதற்குப் பயந்து எர்த் ஒயரை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிர் போகும்.

பனிக்காலத்தில் படகை விட்டுப் போவது

தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்க, பம்பை அணையுங்கள், தண்ணீரை வடியுங்கள், குழாய்களைத் திறந்தே விடுங்கள், ஷவர் தலையைக் கீழே தொங்கவிடுங்கள்.

தரைக்கு அடியில் பார்க்காமல் இருப்பது

நேரோபோட் பொதுவாகப் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே மிதக்கும். எங்கே கசிந்தாலும் தண்ணீர் தரைக்கு அடியில் ஓடி அறையின் பின்கோடியில் தேங்கும். அங்கே தூக்கிப் பார்க்க ஒரு சிறு பலகை இருக்கும். எனக்கு முந்தைய உரிமையாளர் அதன் மேல் கம்பளம் விரித்திருந்தார், நானும் எடுக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் சுவரின் அடிப்பக்கப் பலகை கறுத்தபோதுதான் தூக்கினேன். நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். ஷவர் மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது. பின்பக்கத் தரையையும் சுவரையும் பெயர்த்துப் புதிதாகப் போட்டேன்.

இப்போது மாதம் முதல் தேதி அந்தப் பலகையைத் தூக்கி, ஒரு பழைய துண்டால் அடித்தட்டைத் துடைக்கிறேன். துண்டு காய்ந்தே வந்தால் மூடிவிட்டு டீ போடப் போவேன்.