டர்ஜிட் என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்த

'டர்ஜிட்' (turgid) என்னும் ஆங்கிலப் பெயரடை, வீங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. உள்ளிருக்கும் நீர்மத்தால் அளவுக்கு மீறி உப்பி, விறைத்து நிற்கும் பொருளை அது சுட்டும். கனமழையால் கரைமுட்டப் பெருக்கெடுத்த ஆற்றையும் அவ்வாறு சொல்லலாம். ஆனால் சுளுக்கிய கணுக்காலின் வீக்கத்துக்கு 'ஸ்வோலன்' என்னும் எளிய சொல்லே போதும். அங்கே டர்ஜிட் செயற்கையாக ஒலிக்கும்.

தாவரவியலில் இச்சொல் குறையைக் குறிப்பதில்லை என்பதை மாணவர்கள் அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும். வாடிய கீரைக்கட்டின் தண்டைத் தண்ணீரில் வைத்தால் சிறிது நேரத்தில் இலைகள் நிமிர்வதை நாம் அடுக்களையிலேயே பார்த்திருக்கிறோம்; செல்களுக்குள் நீர் புகுந்து செல்சுவரை அழுத்துவதால் உண்டாகும் அந்த விறைப்பு நிலையே டர்ஜிட் எனப்படுகிறது, அந்த அழுத்தத்தையே நம் பாடநூல்கள் விறைப்பழுத்தம் என்கின்றன.

மொழிநடையைப் பற்றிச் சொல்லும்போது இது கண்டனச் சொல்லாகிவிடுகிறது. ஒருவருடைய கட்டுரையை 'டர்ஜிட்' என்றால், பொருள் சிறுத்து, ஆடம்பரச் சொற்களால் ஊதிப் பெருத்து, படிப்பவரை அயரச் செய்யும் நடை என்று பொருள். பாராட்டு என்று எண்ணி இதை எழுதிவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை: நடுவிலுள்ள 'ஜி' (g) எழுத்துக்குப் பதிலாக 'பி' (b) வந்தால் அது 'டர்பிட்' (turbid), அதன் பொருள் கலங்கிய என்பதாகும். வெள்ள நீர் கலங்கியும் பெருகியும் ஓடுவதால் இவ்விரண்டும் அங்கேதான் பெரிதும் குழம்புகின்றன.