சராசரி 4.2 வந்திருக்கிறது. நம்பலாமா?

பருவ இறுதியில் ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு நிரப்பும் கருத்துப் படிவம் பெரும்பாலும் ஒரே ஒரு சராசரியாகச் சுருங்கித்தான் ஆசிரியர் கைக்கு வரும். முதலில் மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள். எக்செல்லில் மாணவருக்கு ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு நெடுவரிசை. பெயர்கள் வேண்டாம்.

படி 1: எத்தனை பேர் நிரப்பினார்கள்?
40 பேர் வகுப்பில் 12 பேர் மட்டும் நிரப்பி 4.2 வந்ததாக வைத்துக்கொள்வோம். மீதி 28 பேரும் 3 போட்டிருந்தால் வகுப்பின் சராசரி 3.36. அவர்கள் 4.5 போட்டிருந்தால் 4.41. வகுப்பு நேரத்திலேயே 10 நிமிடம் ஒதுக்கி, ஆசிரியர் வெளியே போய்விட்டால் நிரப்புவோர் கூடுவார்கள்.

படி 2: பரவலைப் பாருங்கள்
5, 5, 5, 5, 1, 1 என்றாலும் 4, 4, 4, 4, 3, 3 என்றாலும் சராசரி 3.67தான். முதல் வகுப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சராசரி அதை மறைத்துவிடுகிறது.

படி 3: கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் எண்)
‘பாடம் புரியவில்லை’ போன்ற எதிர்மறைக் கேள்விகளின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்புங்கள். இதை மறப்பதுதான் ஆல்ஃபா படுத்துவிடுவதற்கு வழக்கமான காரணம். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் வேரியன்ஸ் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) கண்டு கூட்டுங்கள். மாணவர்வாரி மொத்த மதிப்பெண்ணுக்கும் வேரியன்ஸ் காணுங்கள். 5 கேள்விகள், கேள்விவாரி வேரியன்ஸ்களின் கூட்டல் 4, மொத்தத்தின் வேரியன்ஸ் 12 என்றால் (முதலில் வரும் 5 ÷ 4 என்பது கேள்விகளின் எண்ணிக்கை ÷ அதில் ஒன்று குறைத்தது):

(5 ÷ 4) × (1 − 4 ÷ 12) = 0.83

0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கம். ஆனால் 0.95ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். ஒரே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கலாம். அல்லது மாணவர்கள் படிக்காமலே மேலிருந்து கீழ்வரை ஆளுக்கு ஒரே எண்ணைத் தட்டியிருக்கலாம். தவிர, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் ஆல்ஃபா சொல்லும். மாணவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்பது அதற்குத் தெரியாது.

படி 4: சின்ன வித்தியாசத்தில் மயங்காதீர்கள்
திட்ட விலக்கம் (வேரியன்ஸின் வர்க்கமூலம்) 0.8, மாணவர் 16 பேர் என்றால் திட்டப் பிழை, அதாவது சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்ற அளவு, 0.8 ÷ √16 = 0.8 ÷ 4 = 0.2. இப்படி இரண்டு வகுப்புகள் 4.1, 4.3 என்று வந்தால், அதைக் கொண்டு ஆசிரியர்களைத் தரவரிசைப்படுத்துவது வீண்.

படி 5: எதை அளக்கிறோம்?
எப்போதும் 2 கிலோ கூட்டிக் காட்டும் தராசும் மாறாமல்தான் காட்டுகிறது; ஆனால் எடை தவறு. அதுபோல எண்கள் ஒத்துப்போவதாலேயே அவை கற்பித்தலை அளக்கின்றன என்று ஆகிவிடாது. 2017இல் உட்டல் (Uttl) என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியர் பெறும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றே கண்டார்கள். எனவே ‘ஆசிரியர் திறமையானவரா?’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். ‘விடைத்தாள் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்ததா?’ என்று கேளுங்கள். அதற்கு மாணவரே நேரடிச் சாட்சி.